சாய்வியல்: பலர்கையேட்டின் நடுநிலை அளக்கும் முறை

பாயிரம்

மாணாக்க! எழுத்துக்கும் சொல்லுக்கும் பொருளுக்கும் நூல் உண்டு. யாப்புக்கும் அணிக்கும் உண்டு. பலர் கூடி இணையத்தில் எழுதும் ஏடு எப்பக்கம் சாய்ந்துள்ளது, எத்துணை சாய்ந்துள்ளது, அதை எத்துணை நம்பலாம் என்று அளப்பதற்கு மட்டும் நூல் இல்லை. அக்குறை நீக்கவே சாய்வியல் எழுந்தது. இது பெயர், கை, சாய்வு, சான்று, பொய், பூசல், அளவை என ஏழு இயலும் ஒரு புறனடையும் உடையது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்க. எடுக்க வேண்டிய இடத்தில் யாமே சொல்வோம்.

1. பெயரியல்

நோக்குநூல் இருவகைப்படும்: தனிக்கையேடு, பலர்கையேடு.

தனிக்கையேடு என்பது குறித்த சிலரே எழுதி, அச்சேறிய பின் பிறர் தொடவியலாதது. பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 தொடங்கிப் பத்து மடலங்களாக வெளிவந்த கலைக்களஞ்சியம் இதற்கு எடுத்துக்காட்டு. பலர்கையேடு என்பது யாரும் எழுதவும் யாரும் அழிக்கவும் கூடியது. 1995-இல் வார்டு கன்னிங்காம் என்பார் கண்டோர் எல்லாம் திருத்தத் தக்க இணையப் பக்கத்தை அமைத்தார். அம்முறையில் சிம்மி வேல்சும் இலாரி சாங்கரும் 2001 சனவரி 15-இல் விக்கிப்பீடியாவைத் தொடங்கினர். தமிழ் விக்கிப்பீடியாவின் பிறந்த நாள் 2003 செப்டம்பர் 30.

தனிக்கையேட்டில் புகுந்த பிழை அடுத்த பதிப்பு வரை வாழும் என்பது உறுதி. பலர்கையேட்டில் புகுந்த பிழை அடுத்த நொடியில் சாகலாம், பத்தாண்டும் வாழலாம். ஆகவே முன்னதற்கு மதிப்புரை போதும். பின்னதற்கு அளவை வேண்டும்.

இரண்டையும் ஒப்பிட்டாரும் உளர். நேச்சர் என்னும் அறிவியல் இதழ் 2005-இல் 42 பொருள்கள் பற்றி விக்கிப்பீடியாவும் பிரித்தானிக்காவும் எழுதியவற்றை, எது எதனுடையது என்று சொல்லாமல் வல்லுநரிடம் கொடுத்தது. முன்னதில் 162 பிழையும் பின்னதில் 123 பிழையும் கண்டனர். பிரித்தானிக்கா அவ்வாய்வே பிழை என்று மறுத்தது. அம்மறுப்பை 124-ஆவதாக எண்ணலாகாது என்க.

2. கையியல்

பலர்கையேட்டை ஆக்கும் கைகள் ஆறு: விதைக்கை, களைக்கை, விளையாட்டுக்கை, பற்றுக்கை, கூலிக்கை, பொறிக்கை.

விதைக்கை, இல்லாத கட்டுரையைத் தொடங்குவது. இரண்டு வரி எழுதிக் குறுங்கட்டுரை என்று பெயர் சூட்டிவிட்டு, அடுத்த நிலத்துக்குப் போய்விடும் இயல்பினது.

களைக்கை, பிறர் கெடுத்ததை நீக்குவது. அண்மைய மாற்றங்கள் என்னும் பட்டியலைப் பார்த்தபடி சுற்றுக்காவல் செய்வது. இதற்கு நன்றி சொன்னவரைக் கண்டவர் அரியர்.

விளையாட்டுக்கை, கணினி கிடைத்த பிற்பகலில் ‘மணி வந்திருந்தான்’ என்று எழுதுவது. கற்சுவரில் இவ்வாறு எழுதினால் அழிப்பதற்கு ஆள் வேண்டும். இங்கே ஒரு சொடுக்குப் போதும். ஆதலின் இக்கை நடுநிலைக்குப் பகையன்று. மணி எப்பக்கமும் சாய்ந்தவன் அல்லன், வந்திருந்தான், அவ்வளவே.

பற்றுக்கை நால்வகைத்து. தன் ஊரை உயர்த்துவது ஊர்ப்பற்று. தன் குடியை உயர்த்துவது குடிப்பற்று. தன் நடிகரை உயர்த்துவது திரைப்பற்று. தன்னையே உயர்த்துவது தன்பற்று. அமெரிக்கப் பேராய உறுப்பினர் சிலரின் அலுவலகங்களிலிருந்தே அவர்களைப் பற்றிய கட்டுரைகள் மெருகேற்றப்பட்டமை 2006-இல் வெளிப்பட்டது. அது தன்பற்றின்பாற்படும். செய்தவர் பணியாளர் ஆயின், தன்பற்றோடு கூலியும் மயங்கிய மயக்கம் எனக் கொள்க.

கூலிக்கை இருவகைத்து: அறிவித்த கூலி, அறிவியாக் கூலி. பணம் பெற்று எழுதுவோர் அதை வெளிப்படச் சொல்லவேண்டும் என்று 2014 முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு நெறி கூறுகிறது. அந்நெறியைப் படித்தோர் முதல்வகையினர்.

பொறிக்கை என்பது தானியங்கி. செபுவானோ மொழி விக்கிப்பீடியாவில் 60 இலக்கத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை ஒரே தானியங்கி எழுதியது. பொறிக்கு ஊரும் குடியும் நடிகரும் இல்லை ஆதலின், அதன் சாய்வு அதற்குத் தீனி போட்ட பட்டியலின் சாய்வே ஆகும்.

3. சாய்வியல்பு

சாய்வு மூன்று: சொற்சாய்வு, அளவுச்சாய்வு, இன்மைச்சாய்வு. இவை முறையே கண்ணுக்குத் தெரிவதும், எண்ணினால் தெரிவதும், தெரியாததும் ஆம்.

சொற்சாய்வு நான்காக விரியும்.

அ. புகழ்க்கிளவி: தலைசிறந்த, ஒப்பற்ற, முன்னணி, உலகப் புகழ்பெற்ற என்பன. உண்மையில் உலகப் புகழ் பெற்றோர் கட்டுரையில் இவை வருவதில்லை. ஐன்சுடைனை யாரும் ‘புகழ்பெற்ற’ என்பதில்லை.

ஆ. ஆளில்கிளவி: சொன்னவர் இன்னார் என்று சுட்டாது சொல்வது. இதுவும் நான்கு படிகளை உடையது. ‘என்பர்’ என்பதில் ஆட்கள் உளர், பெயர் இல்லை. ‘கருதப்படுகிறது’ என்பதில் கருத்து உண்டு, ஆள் இல்லை. ‘நம்பப்படுகிறது’ என்பதில் ஆளும் இல்லை, சான்றும் இல்லை. ‘அனைவரும் அறிந்ததே’ என்பதில் எல்லாரும் உளர். சான்று கேட்ட நீ ஒருவனே இல்லை.

இ. அடைச்சாய்வு: பெயர்முன் பட்டம் சேர்ப்பது. தமிழ் விக்கிப்பீடியா தலைப்பை ‘மு. கருணாநிதி’ என்றும் ‘ம. கோ. இராமச்சந்திரன்’ என்றும் இட்டு, பட்டங்களைக் கட்டுரையின் உள்ளே செய்தியாக வைக்கிறது. பட்டம் பெற்றார் என்பது செய்தி. பட்டத்தோடு அழைப்பது பற்று.

ஈ. ஈற்றுச்சாய்வு: இது தமிழ் போன்ற மொழிகளுக்கு உரியது, ஆங்கிலத்தார் இதற்குக் கொடுத்துவைக்கவில்லை. ஒரே கட்டுரையில் நம் மன்னர் ‘வென்றார்’, பகை மன்னன் ‘ஓடினான்’ எனின், அடைமொழி ஒன்றுகூட இல்லாமலே கட்டுரை ஒருபுறம் கவிழ்ந்துவிட்டது. இருவரும் ‘ஆர்’ பெறுக. அன்றி இருவரும் ‘ஆன்’ பெறுக.

இனி ஒரு தொடரை எடுத்து அறுத்துக் காட்டுவோம்: ‘இவர் தமிழ்த் திரையுலகின் தலைசிறந்த நடிகர்களுள் ஒருவராகப் பலராலும் கருதப்படுகிறார்.’ இதில் ‘தலைசிறந்த’ என்பது புகழ்க்கிளவி. ‘பலராலும்’ என்பது எண்ணில்லாக் கூட்டம். ‘கருதப்படுகிறார்’ என்பது ஆளில்கிளவி. ‘நடிகர்களுள் ஒருவராக’ என்பது, யாரேனும் எதிர்த்தால் பின்வாங்குவதற்கு விட்டுவைத்த வழி. இந்நான்கையும் நீக்கினால் எஞ்சுவது, ‘இவர் தமிழ்த் திரைப்பட நடிகர்’ என்பதே. இஃதே நடுநிலைத் தொடர். இதை எழுதியவர் அன்றிரவு உறங்குவது அரிது.

அளவுச்சாய்வு இரண்டு: மிகையளவு, போலியொப்பு. ஊரின் நீர்நிலைக்கு ஒரு வரியும் அவ்வூர்த் தேர்விழாவில் வைத்த தட்டிகளுக்கு நாற்பது வரியும் ஒதுக்குவது மிகையளவு. உலகு உருண்டை என்பார்க்கும் தட்டை என்பார்க்கும் பக்கத்துக்குப் பக்கம் ஒப்ப இடம் தருவது போலியொப்பு. நடுநிலை என்பது இருவருக்கும் நடுவே நிற்பதன்று. அவரவர் சான்றின் எடைக்கு ஏற்ப இடம் விடுவது. இதை மறவாது கொள்க.

இன்மைச்சாய்வு, சொல்லவேண்டியதைச் சொல்லாது விடுதல். இதைக் காண ஒரே வழி, அதே பொருள்மேல் வேறு மொழிக் கட்டுரையைப் படிப்பது. குரோவாசிய விக்கிப்பீடியாவை நாட்டுப்பற்று மிக்க ஒரு குழுவினர் ஏறத்தாழப் பத்தாண்டு தம் பிடியில் வைத்து, இரண்டாம் உலகப் போர்க் கொடுமைகளை மெலித்து எழுதினர் என்று விக்கிமீடியா 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆங்கே கை பல இருந்தன, தோள் ஒன்றே. அதைப் பலர்கையேடு என்று அழைத்தல் பெயரளவே.

4. சான்றியல்

நூலை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாகப் பகுத்தது நன்னூல். விக்கிப்பீடியாவும் அவ்வாறே பகுக்கிறது. வழிநூல்களைச் சான்றாகக் கொண்டு எழுந்து, தன்னைச் சார்புநூல் வரிசையில் வைத்துக்கொள்கிறது. முதனூலைக் கண்டால் அஞ்சுகிறது.

எற்றாலெனின், பிலிப்பு உரோத்து என்னும் அமெரிக்கப் புதின ஆசிரியர், தம் ‘தி இயூமன் இசுட்டெயின்’ என்னும் புதினம் யாரைக் கண்டு எழுந்தது என்பது கட்டுரையில் தவறாக உள்ளது, திருத்துக என்று கேட்டார். எழுதியவர் சொல் மட்டும் போதாது, வேறொருவர் எழுதிய சான்று வேண்டும் என்று விடை வந்தது. அவர் 2012-இல் நியூ யார்க்கர் இதழில் வெளிப்படை மடல் ஒன்று எழுதினார். இதழில் வந்துவிட்டமையால், அவர் சொல் சான்றாயிற்று. இதனால் பெறப்படுவது: ஒருவர் தன்னைப் பற்றித் தான் அறிந்ததை விக்கிப்பீடியாவுக்குச் சொல்லவேண்டின், முதலில் ஊருக்குச் சொல்லவேண்டும்.

பழுதுபட்ட சான்று நான்கு.

ஒட்டாச்சான்று: தொடரின் இறுதியில் எண் உண்டு, எண்ணைத் தொட்டால் நூல் உண்டு, நூலில் அச்செய்தி இல்லை.

செத்தசான்று: தொட்டால் ‘பக்கம் இல்லை’ என்று வருவது. செத்ததனால் பொய் ஆகிவிடாது; இணையக் காப்பகத்தில் பழம்படி கிடைக்கக்கூடும்.

தற்சான்று: நிறுவனம் சிறந்தது என்பதற்கு அந்நிறுவனத்தின் தளத்தையே காட்டுவது.

வட்டச்சான்று: நால்வகையுள் இதுவே நுண்ணியது. 2009-இல் செருமனியின் புதிய பொருளியல் அமைச்சர் குத்தன்பெர்க்கு என்பாரின் நெடும்பெயர் வரிசையில் ‘வில்லெல்ம்’ என்று ஒரு பெயரை யாரோ விக்கிப்பீடியாவில் செருகினார். நாளேடுகள் அதைப் பார்த்து அச்சிட்டன. அப்பெயருக்குச் சான்று எங்கே என்று விக்கிப்பீடியாவில் கேட்டபோது, நாளேட்டைக் காட்டினர். ஏடு இதழைப் பெற்றது, இதழ் ஏட்டைப் பெற்றது. இரண்டுக்கும் தாய் இல்லை.

வட்டத்தைக் கண்டறியும் முறை: செய்தி கட்டுரையில் புகுந்த நாளை, திருத்தம் எல்லாம் பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தில் காண்க. சான்று வெளிவந்த நாளை அதனருகே எழுதுக. சான்று இளையதாயின் வட்டம் என ஐயுறுக.

‘மேற்கோள் தேவை’ என்னும் குறியைக் கண்டு மாணாக்கர் முகம் சுளிப்பர். அது தவறு. அக்குறி உள்ள தொடர், தன் குறையைத் தானே சொல்லி நிற்பது. குறியும் இல்லாது, சான்றும் இல்லாது, நிமிர்ந்து நிற்கும் தொடரையே ஐயுறல் வேண்டும்.

5. பொய்யியல்

பொய், வாழ்நாள் பற்றி நான்காகும்: நொடிப்பொய், திங்கட்பொய், ஆண்டுப்பொய், பதிற்றாண்டுப்பொய்.

நொடிப்பொய், மேற்கூறிய மணியின் வருகை போல்வது. களைக்கையோ பொறிக்கையோ உடனே நீக்கும்.

திங்கட்பொய்: சான் சிகந்தாலர் என்னும் மூத்த அமெரிக்க இதழாளர்க்குக் கென்னடி உடன்பிறந்தார் இருவர் கொலையிலும் தொடர்பிருந்ததாக 2005 மே திங்களில் ஒருவர் எழுதினார். நான்கு திங்கள் அது அவ்வாறே கிடந்தது. அவர் நாளேட்டில் எழுதி உலகறியச் செய்தபின், பதிவு செய்யாதோர் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக்கட்டுரை தொடங்கத் தடை வந்தது.

ஆண்டுப்பொய்: கோவாவில் பிச்சோலிம் என்பது உள்ள ஊர். 1640-41-இல் போர்த்துக்கீசியர்க்கும் மராட்டியர்க்கும் இடையே அங்கு நிகழ்ந்த போர் என்பது இல்லாத போர். அவ்வில்லாத போர் பற்றி 2007-இல் எழுந்த கட்டுரை, அவ்வாண்டே ‘நல்ல கட்டுரை’ என்னும் தகுதியும் பெற்று, 2012 இறுதியில்தான் நீக்கப்பட்டது. அத்தகுதிக்கு நடுநிலையும் ஓர் அளவுகோல் என்பதை நோக்குக. நடவாத போரில் ஒருபக்கம் சாயாதிருத்தல் எளிது.

பதிற்றாண்டுப்பொய்: ஆத்திரேலியப் பழங்குடியினரின் கடவுள் என்று சார் எதோ வென்சு என்னும் பெயர் 2005-இல் புகுந்து 2015 வரை வழிபாட்டுக்கு ஆளின்றி வாழ்ந்தது. சீன விக்கிப்பீடியாவில் ஒருவர் இடைக்கால உருசியாவின் வரலாற்றை, வெள்ளி தோண்டிய ஊரும் போரும் உட்பட, 200-க்கு மேற்பட்ட கட்டுரைகளில் பத்தாண்டு புனைந்தது 2022-இல் வெளிப்பட்டது.

இந்நான்கையும் ஒருங்கு நோக்கிப் பெறும் நெறி: காண்போர் சுருங்கப் பொய்யின் வாழ்நாள் நீளும். தலைமை அமைச்சரின் பிறந்த நாளை மாற்றினால் காலை உணவுக்குள் திருத்திவிடுவர். வருவார் இல்லாப் பக்கத்தில் கடவுளையே படைக்கலாம்.

6. பூசலியல்

பூசல் நான்கு: எழுத்துப்பூசல், பெயர்ப்பூசல், பிறப்பிடப்பூசல், குடிப்பூசல்.

எழுத்துப்பூசலுக்கு முதல் எடுத்துக்காட்டு ‘இசுட்டார் திரெக்கு இன்டூ தார்க்கினசு’ என்னும் திரைப்படத் தலைப்பு. அதன் நடுவிலுள்ள ‘இன்டூ’வின் முதலெழுத்துச் சிறியதா பெரியதா என்று 2012 இறுதியிலும் 2013 தொடக்கத்திலும் ஆங்கில விக்கிப்பீடியர் 40,000 சொற்களுக்கு மேல் எழுதி, பெரியது என்று தெளிந்தனர். ‘யோகர்ட்டு’ என்பதில் ஓசையற்ற ‘எச்சு’ வேண்டுமா என்னும் வழக்கு ஆண்டுகள் பல நீண்டு, 2011-இல் வேண்டா என முடிந்தது. தமிழில் அது தயிர் ஆதலின் நமக்கு அவ்விடர் இல்லை. எனினும் ஸ, ஹ, ஜ என்னும் வடவெழுத்துகள் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமாகிய ஆலமரத்தடியில் நாம் நிகழ்த்தியவை ஆங்கிலேயர்க்கு இளைத்தவை அல்ல.

பெயர்ப்பூசல்: கதான்சுக்கு, தான்சிக்கு என இருபெயருடைய போலந்து நகர் பற்றியது. 2005-இல் கருத்தெடுத்து, 1308 முதல் 1945 வரை தான்சிக்கு எனவும் ஏனைய ஆண்டுகளில் கதான்சுக்கு எனவும் வழங்குக என்று முடித்தனர்.

பிறப்பிடப்பூசல்: வள்ளுவர் பிறந்தது மயிலாப்பூரில் என்பாரும் குமரிப் பகுதியில் என்பாரும் உளர். நடுநிலைக் கட்டுரை இரு சாராரையும் பெயர்சுட்டி நிறுத்தும், தான் பிறப்பிக்காது.

குடிப்பூசல்: பழைய மன்னர் இன்ன குடியினர் என்று நாட்டுவது. இப்பூசல் நடக்கும் கட்டுரையில் மன்னர் வெட்டிய ஏரிகள் பற்றிய பகுதி வளர்வதே இல்லை.

பூசலின் தடம் வரலாற்றுப் பக்கத்தில் கிடக்கும். சிற்றூர்க் கட்டுரை ஒன்றைக் கொள்க. ஒருவர் ‘ஊர்’ என்பதன்முன் ‘அழகிய’ என்று சேர்க்கிறார். பச்சையில் +16 என்று வருகிறது. மற்றவர் நீக்குகிறார், சிவப்பில் −16. மீண்டும் +16, மீண்டும் −16. இப்பதினாறு எங்ஙனம் வந்தது எனின், ‘அழகிய’ என்பது தொல்காப்பியர் கணக்கில் நான்கெழுத்து. கணினி கொம்பையும் கொக்கியையும் தனியே எண்ணுவதால் ஐந்து குறி. குறி ஒன்றுக்கு மூன்று பைட்டாக 15, இடைவெளிக்கு 1, ஆக 16. ஒரே எண் நிறம் மாறி மாறி வருமாயின், ஆங்கே கட்டுரை வளரவில்லை, இருவர் வளர்கின்றனர் எனக் கொள்க.

இதைத் தணிக்க ஆங்கில விக்கிப்பீடியாவில் மும்மீட்பு நெறி உண்டு: 24 மணி நேரத்துள் ஒரு பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் பிறர் எழுதியதை நீக்கி மீட்டலாகாது.

7. அளவையியல்

இப்போது கைப்பேசியை எடுக்க. நின் ஊர்க் கட்டுரையைத் திறக்க. ஐந்து அளவைகளையும் வரிசை மாறாது செய்க.

ஒன்று, கண்ணளவை: வரலாற்றுப் பக்கத்தில் வேறுவேறு பயனர் எத்தனை பேர் என்று எண்ணுக. ஒருவரே எல்லாம் எழுதியிருப்பின் அது தனிக்கையேடு.

இரண்டு, வாயளவை: உரையாடல் பக்கத்தைப் படிக்க. பூசல் நடந்து முடிந்த பக்கம், பூசலே இல்லாத பக்கத்தினும் நம்பத்தக்கது. யாரும் பேசாத பக்கம் யாரும் படியாத பக்கம்.

மூன்று, வேரளவை: சான்று எண்களுள் ஒன்றைக் கண்மூடித் தொட்டு, அந்நூலுக்குள் சென்று, அச்செய்தி அங்கே உள்ளதா என்று காண்க. பெரும்பாலார் இவ்வளவையைச் செய்வதில்லை. எண் இருப்பதே போதும் என்று திரும்பிவிடுவர்.

நான்கு, மொழியளவை: வேறு மொழிக் கட்டுரையில் உள்ளதும் இங்கு இல்லாததும் எது?

ஐந்து, கிளவியளவை: ஆளில்கிளவியையும் புகழ்க்கிளவியையும் அடிக்கோடிட்டு நீக்கியபின் எஞ்சும் வரிகளை எண்ணுக.

இவ்வளவைகளால் கட்டுரை நான்கனுள் ஒன்றாகும்: சாயாத மெய், சாய்ந்த மெய், சாய்ந்த பொய், சாயாத பொய். சாயாத மெய் கொள்ளத்தக்கது. சாய்ந்த மெய், அடைகளைக் களைந்து கொள்ளத்தக்கது. ஊர்ப்பற்றாளர் எழுதியவற்றுள் பல இவ்வகையின. அவரைப் போல் அவ்வூரை அறிந்தார் இலர் ஆதலின் அவற்றை எறிந்துவிடலாகாது. சாய்ந்த பொய், தன் உரத்த குரலால் தானே அகப்படும். நான்காவதாகிய சாயாத பொய்யே கொடியது. பிச்சோலிம் போர் அவ்வகை. அது அடக்கமாகப் பேசும், எண் இட்டுப் பேசும், இருபக்கமும் பேசும். ஆகவே நடுநிலை வேறு, நம்பகம் வேறு. ஐந்து அளவையுள் மூன்றாவதைத் தவிர மற்ற நான்கையும் அது கடந்துவிடக்கூடும்.

புறனடை

இந்நூலுள் கூறாது விட்ட கைகளும் சாய்வுகளும் பொய்களும் உளவாயின், மாணாக்க, அவற்றை உரிய இயலில் நீயே சேர்க்க. சேர்ப்பதற்கு வழிநூற்சான்று வேண்டும். ‘எனக்குத் தெரியும்’ என்பது சான்றாகாது. ஏன் சேர்த்தாய் என்பதை உரையாடல் பக்கத்தில் எழுதிவைக்க. எழுதாது சேர்த்தால் யாம் நீக்குவோம். மீண்டும் சேர்த்தால் மீண்டும் நீக்குவோம். மூன்றாம் முறையோடு நிறுத்தி, 24 மணி நேரம் கழிந்தபின் தொடர்வோம்.